அமத்து, பிடி, விடு

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கல்முனையில் ஒரு கராஜின் பின்பக்கம், வேப்பமர நிழலில் அப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. சில்லைக் கழற்றிவிட்டு அடியில் மரக்கட்டை கொடுத்திருக்கிறார்கள். பாஸ் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறார். கையில் ஒரு சின்ன ஸ்பானர். பிரேக் நிப்பிளில் செருகிய றப்பர் குழாயின் மறுமுனை ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருக்கிறது. என்னுடைய வேலை மிதியில். சீற்றில் இருந்தால் கால் எட்டாது. ஸ்ரியறிங்கைப் பிடித்துத் தொங்கியபடி உடம்பின் முழுப் பாரத்தையும் வலது காலில் போட வேண்டும்.

“அமத்து மனே… அமத்து… அமத்து… ம், பிடி!”

பிடித்துக்கொண்டு நிற்பேன். கீழே ஸ்பானர் அரைச் சுற்றுச் சுற்றும். அதுவரை கல்லாக நின்ற மிதி காலின் கீழே கரைந்து தரைவரை போய்விடும். போத்தலுக்குள் எண்ணெயோடு காற்றுக் குமிழிகள் பொளபொளவென்று வரும். “விடாத, விடாத” என்று கீழிருந்து குரல் கேட்கும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் “விடு” வரும். முந்தி விட்டால் வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிடும். நாலு சில்லுக்கும் இப்படி எயர் எடுத்து முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும். கடைசியில் மிதி கட்டையாக நிற்கும். அப்பா கையால் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

பிரேக் என்பதற்கு என் கால் படித்த முதல் அர்த்தம் அதுதான். நான் அமத்துகிற பலம் எண்ணெய் வழியாகப் போய் அந்தச் சில்லில் பிடிக்கிறது. நடுவில் வேறு யாரும் இல்லை.

அப்பா பாண்டிருப்பிலிருந்து ஹயருக்கு ஓடினவர். கலியாணம், ஆஸ்பத்திரி, செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். மொறிஸ் மைனருக்கு நாலு சில்லிலும் டிரம் பிரேக். எண்ணெய்க்கு ஒரே ஒரு வழி. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நாலு சில்லும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழேயே தரைக்குள் இருக்கும். விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றி, எண்ணெய் மட்டம் பார்த்துவிட்டுத்தான் அப்பா தூரப் பயணம் வெளிக்கிடுவார். மிதி அவருக்கு நாடி மாதிரி. பஞ்சுபோல அமிழ்ந்தால் காற்று. பிடித்தபடி இருக்க மெல்ல மெல்ல இறங்கினால் சீல் போய்விட்டது. பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு சில்லில் லைனிங் எண்ணெயில் நனைந்திருக்கிறது. மழைத் தண்ணீரைக் கடந்து வந்தால் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது. மிதியை லேசாக அமத்தியபடியே ஓடி டிரம்மைக் காயவைக்க வேண்டும். எல்லாவற்றையும் அவர் உள்ளங்காலால் வாசித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார்.

நானும் அந்த மிதியில்தான் பழகினேன். பிறகு பழைய லான்சர் ஒன்று வாங்கி இருபது வருஷம் வரை ஓட்டினேன். அதில் என்ஜின் உறிஞ்சலால் பிரேக்குக்கு உதவி கிடைத்தது. கால் கொஞ்சம் சுகப்பட்டாலும் பாஷை மாறவில்லை. யுத்த காலத்தில் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டியது உயிர்த் தேவையாகவும் இருந்தது. இரவில் சென்றிப் பொயின்றை நெருங்கும்போது முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் வந்து நிற்க வேண்டும். கிரீச் என்று நின்றால் எதிரே நிற்கிறவனின் விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நிற்கப்போகிற இடத்தை ஐம்பது யாருக்கு முன்பே காலில் வைத்திருக்கப் பழகினோம். இந்தக் கரையோரத்தில் என் வயதுக்காரர் பலருடைய பிரேக்கில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது.

2014இல் மகள் டொயோட்டா அக்வா என்ற ஹைபிரிட் கார் ஒன்று வாங்கினாள். மட்டக்களப்பில் வேலை; நாளாந்தம் போய்வர வேண்டும். ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை கிடைத்த அந்த வருஷங்களில் ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. எங்கள் மெயின் றோட்டில் பிரியஸும் அக்வாவும் ஹொண்டா பிட்டும் வெசலும் நிறைந்துவிட்டன. நான் முதன்முதலாக அதன் கதவைத் திறந்தபோது, சாவி போடுவதற்கு முன்பே, உள்ளே எங்கோ ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு மோட்டார் ஓடி நின்றது. ஏதோ பழுது என்று நினைத்தேன். “பயப்பிடாதீங்க அப்பா, அது பிரேக் பம்ப்” என்றாள். நான் மிதியைத் தொடுவதற்கு முன்பே அது எண்ணெயை அழுத்தி வைத்துக் காத்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நிறுத்தம் பாண்டிருப்புச் சந்தியிலேயே. லான்சருக்கு அமத்துகிற அளவு அமத்தினேன். கார் மூக்கைக் குத்தியது. மகளின் கைப்பை டாஷ்போர்டில் அடித்தது. அடுத்த முறை பயந்து மெல்லத் தொட்டேன். இழுத்துப் பிடிக்கிற மாதிரி வேகம் குறைந்து, நிற்கப்போகிற கடைசி இரண்டு மூன்று யாரில், கால் அசையாமலே இருக்க, பிடி மாறி ஒரு வெட்டு வெட்டி நின்றது. ஒரே மிதி, தொடக்கத்தில் ஒரு குணம், முடிவில் ஒரு குணம். அன்று கல்லாறுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் வலது காலின் முன்தசை வலித்தது. நாற்பது வருஷம் ஓட்டின கால் அது.

ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவைத்தது கராஜும் இல்லை, கையேடும் இல்லை. சைக்கிள் டைனமோதான். எங்கள் காலத்து ஆட்களுக்கு அது தெரியும். இரவு டியூசன் முடிந்து வரும்போது பின்சில்லுப் பக்கம் கையை நீட்டி டைனமோவைத் தட்டிவிட்டால், அதன் தலை ரயரில் ஒட்டி ‘உய்ங்’ என்று பாடும். விளக்கு எரியும். அந்தக் கணமே சைக்கிள் கனத்துவிடும். வெளிச்சம் எங்கிருந்தோ சும்மா வரவில்லை. என் காலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மிதிக்கிறதை நிறுத்தினால் டைனமோ போட்ட சைக்கிள் போடாததைவிடச் சீக்கிரம் நிற்கும்.

ஹைபிரிட் காரின் பிரேக் முதலில் செய்வது இதைத்தான். காரை ஓட்டுகிற அதே மின்மோட்டாரை டைனமோவாக மாற்றிச் சில்லுக்குப் பாரம் ஏற்றுகிறது. கார் ஓடிய வேகம் மின்சாரமாகி, அக்வாவில் என்றால் 144 வோல்ற் பற்றரிக்குள் போகிறது. இதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். ஆட்களோடு 1,200 கிலோ வருகிற ஒரு கார் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கிற சக்தி, 10 வாற் எல்ஈடி பல்ப் ஒன்றை நாலு மணித்தியாலத்துக்கு மேல் எரியவைக்கப் போதும். அப்பாவின் கார் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவ்வளவையும் டிரம்முக்குள் சூடாக்கிக் காற்றில் விட்டது. புதிய கார் முழுவதையும் மீட்பதில்லை. ஆனால் நல்லதொரு பங்கை மீட்கிறது.

டைனமோ தனியே காரை நிறுத்தாது. சில்லு மெல்லச் சுற்றும்போது அதற்குப் பலமில்லை. ஆகவே கடைசிக் கட்டத்தில் பழைய பிரேக், எண்ணெயும் பாடும் டிஸ்க்கும், வேலையை ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு டைனமோ, எவ்வளவு எண்ணெய் என்று ஒவ்வொரு நொடியும் கலந்து கொடுப்பது கொம்பியூட்டர். கலக்கும்போது காலுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்பதற்காக, மிதியின் பின்னால் ஒரு ஸ்பிரிங் ஏற்பாட்டை வைத்து, வழக்கமான பிரேக் மாதிரி ஒரு கனத்தை உண்டாக்குகிறார்கள். என் காலுக்குத் திரும்பி வருகிற அழுத்தம் சில்லிலிருந்து வருவதல்ல. அந்த ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. மிதி எனக்குச் சொல்லுவது, நான் எவ்வளவு கேட்டேன் என்பதை மட்டும். சில்லு என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. மின்சாரம் கைவிட்டாலும் மிதியிலிருந்து நேரே எண்ணெய் போகிற வழியொன்றை ஆபத்துக்கென்று உள்ளே வைத்திருக்கிறார்கள். அப்போது மட்டும் மொறிஸ் மைனர்க் காலின் பலம் வேண்டும்.

கலக்கிறவர்களுக்கே இது சுலபமாக இருக்கவில்லை. முதலாவது பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகும், 2010 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட ஹைபிரிட் கார்களைப் பிரேக்குக்காகத் திரும்ப அழைத்தது. மேடு பள்ளமான அல்லது வழுக்குகிற றோட்டில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது, சில்லு வழுக்கினால், டைனமோப் பிடி விட்டு எண்ணெய்ப் பிடி வருவதற்குள் ஒரு கண இடைவெளி விழுந்தது. கார் முன்னால் நழுவுவது போல ஓட்டுநர்களுக்குத் தோன்றியது. கொம்பியூட்டர் நிரலை மாற்றித் திருத்தினார்கள்.

எங்கள் அக்வா அதற்குப் பிந்தியது. ஆனாலும் அந்தக் கணம் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதை என் கால் அறிந்தது. அறுவடை முடிந்த காலம். சம்மாந்துறைப் பக்கம் றோட்டின் ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே உழவு மெசின் வந்தது, நான் ஒதுங்கினேன். இடது சில்லு நெல்லில் ஏறிய நேரம் பார்த்து, நெல் கிண்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் விளக்குமாறோடு நிமிர்ந்தார். மெல்லப் பிடித்துக்கொண்டிருந்த கார் ஒரு கணம் கைவிட்டது போல முன்னே போனது. உண்மையில் வேகம் கூடவில்லை. குறைந்துகொண்டிருந்தது குறையாமல் நின்றது, அவ்வளவுதான். என் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அழுத்தி மிதித்தேன், நின்றது. அவருக்கும் காருக்கும் இடையில் இரண்டு பாகம் இருந்தது. “என்ன கா, பாத்து வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பவும் நெல்லைக் கிண்டினார். மைனரில் என்றால் சில்லு பூட்டிக்கொண்டு நெல்லின் மேல் சறுக்கியிருக்கும். அது இதைவிட மோசம். ஆனால் அந்த மோசம் எனக்குப் பழக்கமானது; இந்தக் கணம் பழக்கமில்லாதது.

அதனால்தான் புதிதாக ஹைபிரிட் வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சந்தியில் பழகாதீர்கள். விடியப்புறம் கடற்கரை வீதியில் ஆளில்லாத நேரம் கொண்டுபோங்கள். மெல்லத் தொட்டு நிறுத்திப் பாருங்கள். பிறகு பலமாக மிதித்தும் பாருங்கள். ஒருநாள் அது தேவைப்படும். நிற்கப்போகிற கடைசி நேரத்தில் காலை ஒரு நூல் தளர்த்துங்கள், வெட்டாது. மணலோ நெல்லோ குழியோ கண்ணில் பட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பாண்டிருப்பில் இன்னும் ஒன்று உண்டு. திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு நடந்து தீமிதிப்பு வரும்போது வீதியெல்லாம் சனம். அப்பாவின் கார் என்றால் சனம் தூரத்திலேயே சத்தம் கேட்டு விலகும். இது மெல்ல ஓடும்போது அவ்வளவாகச் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நாட்களில் கோயில் பக்கம் காரைக் கொண்டுபோகாமல் இருப்பதே மரியாதை.

ஹைபிரிட் என்று பெயர் போட்ட எல்லாம் ஒன்றல்ல. பிறகு வந்து ஊரை நிறைத்த வகன் ஆரில் இருப்பது சின்ன உதவி மோட்டார். அதன் பிரேக் மிதி வழமையான மிதிதான், கால் தடுமாறாது.

என் கால் உண்மையில் மாறியது 2022இல். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் இல்லை. பெற்றோல் செற்றுக்கு முன்னால் இரவிரவாக வரிசை. பிறகு கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அப்போதுதான் டாஷ்போர்டுத் திரையில் இருக்கிற அந்தப் பட்டையை நான் கவனிக்கத் தொடங்கினேன். காலை எடுத்தால் பட்டை சார்ஜ் பக்கம் போகும். பிரேக்கை மெல்லத் தொட்டால் அந்தப் பக்கம் இன்னும் நீளும். பலமாக மிதித்தால் மிஞ்சியது பழைய பிரேக்குக்குப் போய்ச் சூடாகிவிடும். தூரத்தில் பஸ் நிற்பது தெரிந்தாலே தொடத் தொடங்கினேன். மருதமுனைக்குள் நுழைந்தால் மாடு நிற்கும், ஓட்டோ திரும்பும், பள்ளிக்கூடம் விடும். அதை நினைத்து முன்கூட்டியே தொட்டேன். “பிரேக் புடிக்கிறவன் பெற்றோலக் குடிக்கிறவன்” என்று அப்பா சொல்லுவார். அவர் காருக்கு அது முழு உண்மை. என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரேக் வரவுப் பக்கத்தில் வந்து நின்றது. ஐம்பது யாருக்கு முன்பே நிற்கப் பழகிய அந்தச் சென்றிக் காலத்துக் கால், பயமில்லாமல் அதே வேலையைச் செய்ததில் எனக்கொரு ஆறுதல் இருந்தது.

கண்டிக்குப் போய்வருகிற பாதையில் உடுதும்பறை கடந்து பதினெட்டு வளைவு இறங்க வேண்டும். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். பிரேக்கை நம்பி இறங்கினவர்களின் வண்டியில் லைனிங் தீய்ந்து, அந்த மணம் வளைவுக்கு வளைவு மிதக்கும். அக்வாவில் முதன்முறை இறங்கியபோது நாலாம் ஐந்தாம் வளைவுக்குள் பற்றரி நிரம்பிவிட்டது. நிரம்பிய பற்றரிக்குள் மேலும் ஊற்ற முடியாது. டைனமோப் பிடி குறைந்து மிதியின் குணம் மாறியது. மகள் கையை நீட்டி லீவரை ‘பி’க்கு இழுத்துவிட்டாள். என்ஜின் உறுமிக்கொண்டு காரைத் தாங்கியது. அந்த உறுமலைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பெயர்தான் வேறு, அது அப்பாவின் இரண்டாம் கியர்.

மறுபக்கமும் உண்டு. மகளின் கால் ஹைபிரிட்டில் பிறந்த கால். ஒருநாள் அவசரத்துக்குச் சொந்தக்காரரின் பழைய வானை எடுத்துக்கொண்டு போனவள், வீட்டு வாசலில் நிறுத்தும்போது மதில் வரைக்கும் வந்துவிட்டாள். தொட்டால் நிற்கும் என்று தொட்டிருக்கிறாள். வானுக்கு அமத்த வேண்டும். இறங்கி வந்து, “இதை எப்பிடி அப்பா ஓட்டினீங்க?” என்று கேட்டாள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஐந்து வருஷம் இருந்த காரையே எல்லோரும் இழுத்துப்பிடித்து ஓடினோம். பிரேக் வேலைக்கு நான் இப்போதும் போவது அன்று ஹோர்லிக்ஸ் போத்தல் வைத்து எயர் எடுத்த அந்தப் பாஸின் மகனிடம். கல்முனைக்குடிக்காரர். நடுவில், யுத்த காலத்தில், சில வருஷங்கள் அவருடைய ஊருக்கும் எங்கள் பாண்டிருப்புக்கும் இடையில் போக்குவரத்தே அறுந்து கிடந்தது. பிறகு முதலில் திறந்த கதவுகளில் அந்தக் கராஜும் ஒன்று. ஸ்ரியறிங்குக்குக் கீழே ஸ்கானரைச் செருகித் திரையைப் பார்க்கிறார். எயர் எடுப்பதற்கும் இப்போது அதுதான் கட்டளை கொடுக்கிறது. வால்வுகளைத் தானே திறந்து மூடுகிறது, பம்ப் தானே ஓடுகிறது. மிதிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை யாரும் தொங்கவில்லை.

போன மாரியில் முன்சில்லில் ஒரு உரசல் கேட்கிறது என்று கொண்டுபோனேன். சில்லைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பாடில் தடிப்பு நிறைய மிச்சம் இருந்தது. ஆனால் பிடிக்கிற இரும்பெல்லாம் செந்நிறத் துரு. நகர வேண்டிய பாகம் இறுகிப்போயிருந்தது.

“தேஞ்சு போகல்ல சேர். வேல இல்லாமக் கெட்டிருக்கு. கடக்கரைல நிக்கிற கார். நீங்க எல்லாப் பிரேக்கயும் பற்றரிக்குக் குடுக்கிறீங்க. இதுக்கும் கொஞ்சம் குடுங்க.”

வழியும் அவரே சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போது லீவரை நியூற்றலில் போட்டால் டைனமோ வேலை செய்யாது. அப்போது பிரேக் பிடித்தால் முழுதும் பழைய பிரேக்தான். கிழமைக்கு ஒருதரம், ஆளில்லாத இடத்தில், நாலைந்து முறை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கடற்கரை வீதிக்குப் போகிறேன். வலைக்காரர் இன்னும் கரைக்கு வந்திருக்க மாட்டார்கள். நாற்பதில் ஓடி, நியூற்றலுக்குத் தள்ளி, மிதியை அமத்துகிறேன். பட்டை சார்ஜ் பக்கம் போவதில்லை. முதல் பிடிக்குத் துரு கரகரவென்று உரியும். இரண்டாவதற்குக் கொஞ்சம். மூன்றாவது முறை, முன்சில்லுகளிலிருந்து இரும்பில் பாட் ஊர்கிற அந்த ‘ஷ்ஷ்ஷ்’ சத்தம் மட்டும் யன்னல் வழியே வருகிறது. செருப்பைக் கழற்றிப் பக்கத்துச் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.